பி ஷிப்ட் முடிந்தால் எங்கே போவது?

கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் தொழிற்சாலை நடத்தும் நிர்வாகத்தார் அனைவருக்கும்,



இரவு பத்து மணிக்கு உங்கள் கேட்டைத் தாண்டி வெளியே வருகிற பி ஷிப்ட் ஆட்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். அவர்களில் பலருக்கு இருபதை ஒட்டிய வயது. ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த கையோடு டிரெய்னியாகச் சேர்ந்தவர்கள் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மேஸ்திரியோடு ரயிலேறி வந்தவர்கள் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் உண்டு. இவர்கள் வெளியே வரும் நேரத்தில் ஊர் அடங்கிவிடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைகள் ஒன்றிரண்டு விழித்திருக்கும். டாஸ்மாக் கடையும் அதே பத்து மணிக்குத்தான் ஷட்டரை இறக்கும். முன்கூட்டியே யாரிடமாவது சொல்லி வாங்கி வைத்திருந்தால் உண்டு. பிறகு ரூம். ஐந்தாறு பேர் பாய் விரித்த தரை, ஆளுக்கொரு செல்போன், தூக்கம் வரும்வரை ரீல்ஸ்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவுகளுக்கு, சிப்காட் தொழிற்பேட்டையின் எல்லைக்குள்ளோ அதை ஒட்டியோ, எல்லோரும் வந்து உட்காரக்கூடிய ஒரு மைதானத்தை ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு வெளிச்சம், குடிதண்ணீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் கழிப்பறை, முடிந்தபின் விடுதிக்கும் ரூமுக்கும் கொண்டுபோய் விட பஸ். அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதை அங்கே வருகிறவர்கள் முடிவு செய்யட்டும். கூத்து, பாட்டு, சினிமா, கபடி எதுவாகவும் இருக்கலாம். கூத்தை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

உங்களில் ஒருவரான மிஷலின் டயர் நிறுவனம் பிறந்த ஊரிலிருந்து தொடங்கலாம். பிரான்சின் நடுவில், அணைந்த எரிமலைகளின் அடிவாரத்தில் இருக்கும் கிளெர்மோன்-பெரான். 1889-இல் மிஷலின் சகோதரர்கள் அங்கே கம்பெனி தொடங்கினார்கள். ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லாத நகரம். ஆனால் பல்கலைக்கழகம் இருப்பதால் தெருவெல்லாம் மாணவர்கள். டயர் தொழிற்சாலையும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து வாழும் அந்த ஊரில் 1979-ஆம் ஆண்டு பல்கலைக்கழகத் திரைப்பட மன்றத்து மாணவர்கள் குறும்படங்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கித் திரையிட்டார்கள். 1982-இல் அது போட்டியோடு கூடிய விழாவானது. இன்று உலகத்திலேயே பெரிய குறும்பட விழா அதுதான். ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும், கடுங்குளிரில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் அரங்க வாசல்களில் வரிசை கட்டுகிறார்கள். ஊர் ஜனத்தொகையைவிட விழாவுக்கு வரும் கூட்டம் பெரிது.

பாரிஸ் இல்லை, கடற்கரை இல்லை, சுற்றுலாப் பெருமை பெரிதாக இல்லை. டயர் செய்கிற ஊர். அங்கே மாலை நேரத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தவர்கள் இருபது வயதுக்காரர்கள். அதே டயரைத் தேர்வாய் கண்டிகையில் செய்கிறவர்களும் இருபது வயதுக்காரர்கள்தான். அங்கே அந்த வயதில் மாணவன், இங்கே டிரெய்னி. வேலையும் சம்பளமும் வேறுபடலாம். ஆனால் அந்த வயதில் மனிதனுக்கு நாலு பேரோடு சேர்ந்து சிரிக்கவும், பாட்டுக் கேட்கவும், தனக்குப் பிடித்தவர் எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பதை ஓரக்கண்ணால் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. அந்தத் தேவை கடல் தாண்டினால் மாறிவிடுவதில்லை.

அந்த ஊரின் இன்னொரு பழைய கதையும் உங்களுக்குப் பொருந்தும். 1911-இல் மிஷலின் குடும்பத்து மார்செல் மிஷலின் தொழிலாளர்களுக்காக ஒரு விளையாட்டுச் சங்கம் அமைத்தார். அந்தச் சங்கத்தின் ரக்பி அணி பின்னாளில் ஊர் அணியாகி, 2010-இலும் 2017-இலும் பிரான்சின் சாம்பியன் ஆனது. அவர் பெயரில் இருக்கும் மைதானத்தில் இன்றும் ஊரே மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்கும். கம்பெனி தொழிலாளிக்கு வீடு கட்டியது, பள்ளிக்கூடம் கட்டியது, மருத்துவமனையும் கடைகளும் வைத்தது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு: வேலை நேரம் முடிந்த பிறகும் தொழிலாளி கம்பெனியின் கண்பார்வையை விட்டு நகராமல் இருந்தான். அந்தப் பக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்பதற்காகவே, மைதானத்தின் சாவி எச்.ஆர். அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்கிறேன். விளக்குக் கம்பத்துக்கும் கழிப்பறைக்கும் நீங்கள் பணம் கொடுங்கள். நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்க வேண்டாம், பொன்னாடை போர்த்த வேண்டாம், கம்பெனி பேனரைக் கட்ட வேண்டாம்.

பிரான்சின் மாணவர் நகரங்கள் எல்லாம் அமைதியாக இரவைக் கொண்டாடின என்று நான் சொல்ல வரவில்லை. ரென் என்ற நகரத்தில் வியாழக்கிழமை இரவுகள் மாணவர்களின் குடிக்குப் பெயர்போனவை. இருபது ஆண்டுகளுக்கு முன் அது போலீஸோடு மோதல் வரை போனது. மாவட்ட அதிகாரிகள் கெடுபிடியைக் கூட்டினார்கள். நகராட்சி கூடவே இன்னொன்றும் செய்தது: 2005 முதல் வியாழன் இரவுகளில் பொது இடங்களைத் திறந்து இசையும் ஆட்டமும் விளையாட்டும் ஏற்பாடு செய்யத் தொடங்கியது. இளைஞன் போக ஒரே ஒரு கதவு திறந்திருந்தால் அவன் அதில்தான் நுழைவான், இரண்டாவது கதவையும் திறந்து பார்ப்போம் என்ற எண்ணம். கும்மிடிப்பூண்டியில் சாயங்காலம் அந்த ஒரே கதவு எது என்று உங்கள் பாதுகாப்பு அலுவலர்களைக் கேட்டாலே தெரியும்.

‘சென்னை 45 கிலோமீட்டர்தானே, ரயில் இருக்கிறதே’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ரயில் இருக்கிறது. பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று நின்று நின்று சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் பாதி மாலை கழிந்துவிடும். மெட்ரோ 2021-இல் விம்கோ நகர் வரை வந்து நின்றுவிட்டது. படம் பார்க்கிறவர்கள் சென்னைக்குப் பதிலாக எல்லை தாண்டிச் சூளூர்ப்பேட்டைக்குப் போகிறார்கள். 2019-இல் அங்கே திறந்த பிரம்மாண்டத் திரையைப் பார்க்க இந்தப் பக்கத்துப் பையன்கள் பைக்கில் மூன்று பேராகப் போனதை ஊரே அறியும். நெடுஞ்சாலை 16-இல் லாரிகளுக்கு நடுவே, இரண்டாம் ஆட்டம் முடிந்து திரும்பும் மூன்று பேரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி கூத்து.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களில் பலர் வெளியூர், சிலர் வெளிநாடு. ஆகவே சொல்கிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலையோடு சேர்ந்த இந்த வடதமிழ்நாடு தெருக்கூத்தின் நிலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கி மகாபாரதம் படிப்பார், இரவில் கூத்துக் குழுவான ஜமா வந்து கூத்துக் கட்டும். பகலில் கேட்ட கதை இராத்திரி கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த அணிகலன்கள் அவை. தூக்குவதற்கு லேசாக இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கும். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் குரல் கொடுக்கும்போதே பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிடும். அர்ச்சுனன் தபசு என்றால், நடிகர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம் பழத்தையும் பூவையும் வீசுவார். கீழே மடிப்பிடித்து நிற்கும் பெண்களுக்கு அது பிள்ளை வரம். கடைசி நாள் மண்ணில் பெரிதாகச் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் மேல் அவன் சாகும் படுகளக் காட்சி முடிந்து, சாயங்காலம் தீ மிதி.

கட்டியக்காரனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவன் ராஜாவுக்குச் சேவகன், சனத்துக்குத் தோழன். அஸ்தினாபுரத்துச் சபையின் நடுவிலிருந்து திரும்பி, ஊர் ரேஷன் கடையையும் பஞ்சாயத்துக் குழாயையும் பற்றிப் பேசிவிட்டு மறுபடி சபைக்குப் போய்விடுவான். ராஜாவைக் கேள்வி கேட்க அனுமதிக்கப்பட்ட ஒரே ஆள். உங்கள் தொழிலாளிகள் கூட்டத்தில் சொல்லத் தயங்குவதைக் கட்டியக்காரன் சொன்னால் அவர்கள் சிரித்து, மனம் லேசாகி வீடு போவார்கள். நீங்களும் வந்து உட்கார்ந்தால் உங்களுக்கும் சில விஷயம் தெரியவரும்.

நான் கூத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் பழம்பெருமை இல்லை. நேரம்தான் காரணம். சினிமாவின் முதல் ஆட்டம் ஆறரை மணிக்கு. பி ஷிப்ட் ஆள் அப்போது மெஷினில் நிற்பான். கச்சேரியும் பட்டிமன்றமும் ஒன்பது ஒன்பதரைக்கு முடிந்துவிடும். நகரத்து மாலை என்பது ஒன்பது மணிக்குப் போய் ஐந்தரைக்கு வீடு திரும்புகிறவருக்காக அமைந்தது. மூன்று ஷிப்டில் ஓடும் ஊருக்கு அது பொருந்தாது. கூத்து பத்து மணிக்குக் களரி கட்டித் தொடங்கி விடியும்போது முடிகிறது. ஏ ஷிப்ட் முடித்து மத்தியானம் தூங்கி எழுந்தவன் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். பி ஷிப்ட் முடித்தவன் பதினோரு மணிக்குக் கை கால் கழுவிவிட்டு வந்தாலும் முக்கியமான வேஷம் இன்னும் வந்திருக்காது. நடுவில் எழுந்துபோய் டீ குடிக்கலாம், அங்கேயே துண்டு விரித்து ஒரு மணி நேரம் கண்ணயரலாம், எழுந்து பார்த்தால் கதை புரியும். ஏனென்றால் கதை எல்லோருக்கும் தெரிந்தது. இந்த மண்ணின் விவசாயி அறுவடைக்குப் பின் தன் இரவை எப்படிக் கழிப்பது என்று யோசித்து உண்டாக்கிய கலை, இன்றைய ஷிப்ட் தொழிலாளிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு அவனுக்கு எதைத் தேடப் போகிறோம்?

சி ஷிப்ட்காரர்களுக்கு இது கிடைக்காது என்பது தெரியும். ஷிப்ட் சுழல்வதால்தான் மாதம் இரண்டு இரவு என்று கேட்டேன். ஒன்று தவறினால் இன்னொன்று வாய்க்கும். விடிய விடிய விழித்தவன் மறுநாள் பர்னஸ் முன்னாலும் பிரஸ் முன்னாலும் நிற்கக் கூடாது என்பதும் தெரியும். அதனால்தான் சனிக்கிழமை. ஞாயிறு வார விடுமுறையைத் தொழிலாளிக்கு உண்மையிலேயே விடுமுறையாகக் கொடுங்கள், ஓ.டி. என்று திரும்பக் கூப்பிடாதீர்கள். இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு உண்மையான செலவு அது ஒன்றுதான்.

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பாடம் கேட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களும் இங்கிருந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். பாரிஸில் அரியான் முனுஷ்கினின் ‘தெயாத்ர் து சொலேய்’ நாடகக் குழு 2016-இல் மேடையேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்தில் தெருக்கூத்து வந்தது. புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் அந்த நடிகர்கள் கூத்துப் பயின்றார்கள். செய்யாறு பக்கத்துப் புரிசையிலிருந்து போன அடவுகளை, பாரிஸ்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். 2025-இல் சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் கலை புரிசையிலிருந்து பாரிஸ் போய்விட்டது. உங்கள் காம்பவுண்டுக்கு வரவில்லை.

‘எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குத் தமிழே தெரியாதே, கூத்து எப்படிப் புரியும்?’ என்று கேட்பீர்கள். கர்ணனும் துச்சாதனனும் யார் என்று பாட்னாவிலிருந்து வந்தவனுக்கும் சம்பல்பூரிலிருந்து வந்தவனுக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: அவர்களும் இரவெல்லாம் நடக்கும் நாடகங்களின் பிள்ளைகள். பீகாரின் சாரண் மாவட்டத்தில் பிறந்த பிகாரி டாக்கூர் என்ற கலைஞரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1887-இல் பிறந்து 1971-இல் மறைந்தவர். முடிதிருத்தும் குடும்பம். பிழைப்புக்குக் கல்கத்தா பக்கம் போய், திரும்பி வந்து, கிராமத்தில் நாடகக் குழு அமைத்தார். அவருடைய ‘பிதேசியா’ நாடகம் வேலை தேடிக் கல்கத்தா போய்விட்ட கணவனையும், ஊரில் அவனுக்காகக் காத்திருக்கும் மனைவியையும் பற்றியது. நூறு ஆண்டுகளுக்கு முன் போஜ்புரி கிராமங்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்த்து அழுத கதை. இன்று கல்கத்தாவுக்குப் பதிலாகக் கும்மிடிப்பூண்டி, மற்றதெல்லாம் அதேதான். அவர் குழுவில் நடித்த ராம்சந்திர மாஞ்சிக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் கூத்தைப் போலவே அதிலும் ஆண்களே பெண் வேஷம் கட்டுவார்கள்.

ஒரு சனிக்கிழமை கர்ண மோட்சம், அடுத்த சனிக்கிழமை போஜ்புரிப் பாட்டும் ஆட்டமும் என்று வைத்துப் பாருங்கள். செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜையை உங்கள் ஷெட்டுகளில் வடக்கத்தித் தொழிலாளர்கள் ஏற்கெனவே கொண்டாடுகிறார்கள். நம் ஆயுத பூஜைக்கு முன்னோட்டம் போல அது. அதை ஷெட்டுக்குள்ளிருந்து மைதானத்துக்குக் கொண்டுவந்தால் ஊர்க்காரர்களும் பிரசாதம் வாங்கப் போவார்கள். ஆரம்பாக்கம், எளாவூர் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்குப் புர்ரகதை இருக்கிறது, வீதி நாடகம் இருக்கிறது. எல்லை ஓரத்து ஊருக்கு இத்தனை மொழியில் இரவுகள் இருப்பது பெரும் சொத்து.

கூட்டம் கூடினால் சண்டை வரும், உள்ளூர்க்காரனும் வெளிமாநிலத்தானும் மோதிக்கொள்வார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். எனக்கு எதிர்ப்பக்கப் பயம். 2023 மார்ச்சில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசின் குழு வந்து பார்த்துவிட்டு அவை பொய் என்று உறுதி செய்தது. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். வதந்தியை அவர்கள் நம்பக் காரணம் செல்போன் மட்டும் இல்லை. பக்கத்துத் தெருக்காரன் முகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. லைனில் பக்கத்தில் நிற்பவனோடு வேலைப் பேச்சு. கடைக்காரனோடு விலைப் பேச்சு. அதற்கு மேல் எந்த ஊர்க்காரனோடும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்ததில்லை. ஒரே பாயில் உட்கார்ந்து கட்டியக்காரனுக்குச் சிரித்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் அவ்வளவு எளிதில் பொய்யை நம்ப மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வாரம் ஆள் இல்லாமல் லைன் நின்ற தொழிற்சாலை நிர்வாகம் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரவுப் பொழுது என்று பேச ஆரம்பித்தால் வேலை நேரத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு: உலகத் தொழிலாளர் இயக்கம் கேட்டது அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தை. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். பிரான்ஸ் தொடர்பு இதிலும் உண்டு. புதுச்சேரி பஞ்சாலைகளில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்த உயிர்களுக்குப் பிறகுதான் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. தமிழ் பேசிய தொழிலாளி தன் மாலைப் பொழுதை ரத்தம் கொடுத்து வாங்கினான். 2023 ஏப்ரலில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பும், அந்த ஆண்டு மே தினத்தன்றே முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கான்ட்ராக்ட் ஆட்கள் இன்றும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் இடங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. இது இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படி நின்றவனுக்கு மைதானம் கட்டிக்கொடுத்துப் பயனில்லை. அவன் தூங்கத்தான் போவான்.

பெண்களைப் பற்றி. இரவு என்றால் ஆண்களின் பொழுது என்று இந்த ஊர் பழகிவிட்டது. ஆனால் இரவு ஷிப்டில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே நீக்கியது, பாதுகாப்பு நிபந்தனைகளோடு. உற்பத்திக்கு இரவில் வரலாம், பொழுதுபோக்குக்கு மட்டும் ஏழு மணிக்கு விடுதி கேட்டைப் பூட்ட வேண்டும் என்பது என்ன நியாயம்? பெண்களுக்குப் படுக்கை கட்டுவதில் அரசும் நிறுவனங்களும் அக்கறை காட்டுகின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பெரிய விஷயம், பாராட்டுகிறேன். ஆனால் கட்டிலில் படுப்பதற்கு முன்னும் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாலை உண்டு. பஸ் பத்து மணிக்கு விடுதியிலிருந்து மைதானத்துக்குப் போகும், இரண்டு மணிக்கு ஒரு நடை, விடிந்ததும் ஒரு நடை திரும்பும் என்று எழுதிப் போடுங்கள். ஷிப்டுக்கு ஓடும் அதே பஸ், அதே டிரைவர். மைதானத்தில் பெண்களுக்கென்று முன்வரிசையில் இடம் வையுங்கள். பெண்கள் நிறைய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஆண்களும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்பது எந்தத் திருவிழாவிலும் பார்க்கக் கூடியது. ஆடி மாதம் பெரியபாளையத்துப் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி இரவெல்லாம் குடும்பம் குடும்பமாகப் பெண்கள் தங்குகிறார்கள். இந்த மாவட்டத்துக்கு அந்த இரவு பழக்கமானதுதான்.

பணத்துக்கு வழி இருக்கிறது. நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்குச் சொல்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியக் கலைகளை வளர்ப்பதும் கிராமப்புற விளையாட்டும் இருக்கின்றன. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு அதில் சேராது. ஆகவே மைதானம் ஊருக்கே திறந்திருக்க வேண்டும். சட்டம் சொல்வதும் நான் கேட்பதும் ஒன்றாகவே இருக்கிறது. சிறிய ரோலிங் மில்காரர்கள் அந்த வரம்புக்குள் வரமாட்டார்கள். அவர்கள் ஒரு ஜெனரேட்டரோ தண்ணீர் லாரியோ தந்தால் போதும். கூத்துக்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை. முகவீணையும் மத்தளமும் தாளமும் ஆர்மோனியமும் மைக் வருவதற்கு முன்பே ஊர் முழுக்கக் கேட்டவை. 

நிலத்தைப் பற்றி ஒன்று, தேர்வாய் கண்டிகைக்காரர்களிடம். உங்கள் சிப்காட் நிற்கும் இடம் ஊரார் ஆடுமாடு மேய்த்த பொது நிலம். அதைக் காக்க அவர்கள் போராடினார்கள். 2012-இல் அது குறித்த புகார் பிரான்ஸ் வரை போனது. முடிந்துபோன வழக்கை நான் திறக்கவில்லை. பொதுவாக இருந்ததில் சில ஏக்கரையாவது மறுபடி பொதுவாக்குங்கள். வேலி இல்லாமல், டிக்கெட் இல்லாமல், அந்தக் கிராமத்துப் பெரியவர்களும் தங்கள் ஜமாவை அழைத்துக்கொண்டு வந்து உட்காரும்படி.

இந்த முயற்சிக்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1998 முதல் நடத்திவரும் புத்தகக் கண்காட்சிக்குக் கடலூர் மாவட்டமே குடும்பத்தோடு சாயங்காலம் கிளம்பிப் போகிறது. சுரங்கத் தொழிலாளியின் மகள் அங்கேதான் எழுத்தாளர்களை நேரில் பார்க்கிறாள். சென்னையில் 2007-இல் தொடங்கிய சங்கமம் விழா, இடையில் நின்று, 2023 பொங்கலிலிருந்து மீண்டும் பூங்காக்களிலும் மைதானங்களிலும் கிராமியக் கலைஞர்களை ஆட வைக்கிறது. நெய்வேலிக்கு ஒரே நிறுவனம், சென்னைக்கு அரசு. இங்கே நீங்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால்தான் ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்யட்டும் என்று இத்தனை காலம் போயிற்று. செலவைப் பங்கிட்டால் ஒருவர் பங்குக்குப் பெரிதாக ஒன்றும் வராது.

அறுவடை முடிந்து பங்குனி பிறந்தால் ஜமாக்கள் ஊர் ஊராகப் போய்விடுவார்கள். ஆடி வரை அவர்களைப் பிடிக்க முடியாது. ஆகவே தை மாசியிலேயே வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்துவிட வேண்டும். ஒரு ஜமாவுக்குப் பதினைந்து பேர் வருவார்கள். இராத்திரி முழுக்க ஆடுகிறவர்களுக்குச் சாப்பாடும், ஒப்பனைக்கு மறைவான ஒரு கொட்டகையும், விடிந்தபின் குளிக்கத் தண்ணீரும் வேண்டும். பேசிய பணத்தை அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும். முப்பது நாள், அறுபது நாள் பில் முறை அவர்களுக்குச் சரிவராது.

இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு கூட்டம் போடுங்கள். அதில் உங்கள் அதிகாரிகளோடு ஒரு டிரெய்னி, ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் ஓர் ஒடியாக்காரர், விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் இரண்டு பேர், பக்கத்துக் கிராமத்துக் கூத்து வாத்தியார் ஒருவர், ஊராட்சித் தலைவர் ஆகியோரும் நாற்காலியில் உட்கார வேண்டும். இந்தி தெரிந்த ஒருவர் பேச்சை மொழிபெயர்க்க வேண்டும். அழைத்தால் நானும் வருகிறேன். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வையுங்கள். மற்ற நாட்களில் அவர்களுக்கு விடுப்புக் கிடைக்காது.

இப்படிக்கு,
கவரைப்பேட்டையிலிருந்து
ஒரு கூத்து ரசிகன்